நான் போடாத வழக்குகளை என் பெயரிலிருந்து எடுத்துவிடக் கோரி

அனுப்புநர்:
மருந்துக் கம்பெனி மீது ஒரே ஒரு வழக்குப் போட்டவள்,
தையல்கடைக்கு அடுத்த வாசல்.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
நுகர்வோர் நீதிமன்றம்.

பொருள்: என்னைக் கேட்காமல் என் பெயரில் போட்ட வழக்குகளை நீக்கி, நான் போட்டதை மட்டும் நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். படித்தவரை முதல் மாணவி. சில வருடங்களாகக் கண் பார்வை இல்லை. இன்றுவரை எங்கும் கைநாட்டு வைத்ததில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. என் செல்போன் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுத்தான் மருந்து வாங்கிவந்தேன். மருந்துக் கம்பெனி தன் ஆப்பை மாற்றியதிலிருந்து, எதைத் தொட்டாலும் "பட்டன், படம், பட்டன்" என்கிறது. ரத்த அழுத்த மாத்திரை கேட்டேன். கைக்குழந்தைக்கான வயிற்றுவலி மருந்து வந்தது. என் கொள்ளுப்பேரனே பள்ளிக்கூடம் போகிறான்.

2. ஆகவே ஒரு வக்கீலிடம் போனேன். குமாஸ்தா மைப்பெட்டியை எடுத்தார். கையெழுத்துத்தான் போடுவேன் என்று வீம்பு பிடித்தேன். ஒரு கண்ணாடிப் பலகையை மடியில் வைத்து விரலால் எழுதச் சொன்னார்கள். "அச்சடிச்ச மாதிரி இருக்கு பாட்டிம்மா" என்றார் வக்கீல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காகிதமாக இருந்தால் எத்தனை தாள் என்று விரலே சொல்லியிருக்கும்.

3. அந்த ஒரு கையெழுத்தை வைத்து, வெப்சைட் உள்ள எங்கள் தெருக் கடைகள் அத்தனையின் மீதும் வழக்குப் போட்டு, சமாதானத் தொகை கேட்கிறார்கள். என் செல்போனால் அவற்றைப் படிக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் தையல்காரரின் வெப்சைட் என்பது நாலு சட்டைப் படம். கடைக்குள் போனால் துணியை என் கையில் கொடுத்து நிறம் சொல்கிறவர் அவர். அவர் மீது எனக்கென்ன குறை?

4. பேக்கரிக்கார அம்மா நான் போகும்போதெல்லாம் "பார்த்து, படி வருது" என்று குரல் கொடுப்பார். நோட்டீஸ் வந்ததிலிருந்து குரல் இல்லை. அங்கேதான் நிற்கிறார், மாவு வாசனை வருகிறது. போன வாரம் அந்தப் படியிலேயே விழுந்தேன். யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, பேசாமல் போனார்கள். ஐயா, எனக்குத் தெரு என்பது குரல்கள்தான். இப்போது பக்கத்து வாசலைத் தாண்டுவதில்லை.

5. வழக்குகளை வாபஸ் வாங்கப் போனால், "உங்கள மாதிரி ஆளுங்களுக்காகத்தான செய்றோம்" என்கிறார் வக்கீல். அவரை நீக்கினால் மருந்து வழக்கும் சேர்ந்து விழும் என்கிறார். தங்கள் அலுவலகத்தில் கேட்டால், எதுவானாலும் வெப்சைட்டில் என்கிறார்கள். அங்கேயும் என் போன் "படம், பட்டன்" என்கிறது. (தங்கள் மீது வழக்குப் போடும் எண்ணம் இல்லை.) பிறர் உதவியோடு கடைசிவரை போனால், ஓடிபி எண் வக்கீலின் போனுக்குப் போகிறது. பூட்டு என் பெயரில். சாவி அவர் பையில்.

6. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் அந்தத் தையல்காரரே. "என் மேலயே கேஸு, என் கையாலயே மனுவா? நல்லா இருக்கு பாட்டிம்மா!" என்றார். நோட்டீஸுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. அதையும் எழுதச் சொன்னேன். எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

தையல்காரர் மீதான வழக்கு வரும் வியாழக்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதற்குள் என்னை நேரில் அழைத்து, காகிதத்தில் கையெழுத்து வாங்கி, கடைக்காரர்களை விடுவிக்க வேண்டுகிறேன். மருந்துக் கம்பெனியை விட வேண்டாம். விட்டால் எல்லாவற்றையும்தான் விட வேண்டும் என்பது சட்டமானால், என் வழக்கும் போகட்டும். மாத்திரையின் பெயரை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். அதற்கு, பேசுகிற ஆள் வேண்டும்.

கீழே உள்ளது, தையல்காரரின் அளவுகோலை ஓரமாக வைத்து நானே பேனாவால் போட்டது. தாளைத் திருப்பித் தடவிப் பார்க்கவும், அழுத்தம் தெரியும்.

இடம்: தையல்கடை
நாள்: விசாரணைக்கு முந்தைய திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையெழுத்து)