பதினோராம் அறை மீன்காரி

மனோர் பார்க், லண்டன்
7.2.1988

அன்புள்ள அருள்மலருக்கு,

குளிரைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உம்மையும் மாதா காப்பாற்றட்டும். நல்ல செய்தி முதலில்: உம்மை இங்கே கூப்பிட அனுமதி கிடைத்துவிட்டது! ஆறு மாதத்துக்குள் எடுத்த உமது படம் இரண்டு வேண்டுமென்று விசா அலுவல் பார்க்கிற லோயர் கேட்கிறார். ஸ்ரூடியோவுக்குப் போய் எடுத்து உடனே அனுப்பும்.

பெற்றோல் செட் வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஓவியக்கூடத்தில் காவல். பதினோராம் அறையில், யாரும் படங்களைத் தொடாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என் நாற்காலிக்கு நேரெதிரே ஒரு பிரெஞ்சு மீன்காரி. நூற்றிருபது வருஷத்துக்கு முந்திய எண்ணெய்ச் சாயப் படம். கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு, ஒரு கண் வெள்ளை. உள்ளதை உள்ளபடிதான் கீறுவோம் என்று அந்தக் காலத்தில் சில ஓவியர்கள் பிடிவாதமாக நின்றார்களாம். அதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? வருகிற சனம் அவளைக் கண்டதும் பக்கத்துப் படத்துத் திராட்சைக் குலைக்குப் பாய்கிறது. நானும் நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எட்டு மணித்தியாலம் அந்த முகத்தை யாரால் பார்க்க ஏலும்!

என் தலைமாட்டில் உமது கலியாணப் படம் இருக்கிறது. முகம் என்றால் அது முகம்.

அன்புக் கணவன்,
யாக்கோப்பு

குருநகர்
2.3.1988

அன்பின் அத்தானுக்கு,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இப்போது படம் எடுக்க வசதியில்லை, ஸ்ரூடியோ பூட்டிக் கிடக்கிறது. கலியாணத்துக்கு முன் எடுத்த படம் இரண்டு வைத்திருக்கிறேன், கொடுத்துப் பாருங்கள். ஐப்பசியில் ஷெல் விழுந்து இடிந்த சுவரை அண்ணை கட்டித் தந்துவிட்டார். எனக்குப் பட்ட சின்னக் காயமும் ஆறிவிட்டது, யோசிக்க வேண்டாம்.

அந்த மீன்காரி பாவம். அவளுக்குப் புருஷன் இருந்தானா என்று அங்கே எழுதிப் போட்டிருக்கிறதா?

உங்கள் அருள்மலர்

மனோர் பார்க்
25.3.1988

அருள்மலருக்கு,

லோயர் உமது படங்களைத் திருப்பி எறிந்துவிட்டார். "உது பத்து வருஷத்துப் படமெல்லோ, ஆரோட விளையாடுறீர்?" என்று ஏசினார்.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது சவிரிமுத்தரைக் கண்டேன். போன மாதம் ஊருக்குப் போய் வந்தவர். ஸ்ரூடியோ திறந்துதான் இருக்கிறதாம். நீர் முக்காட்டை இழுத்துக்கொண்டு கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்து, பூசை முடிய முன்னமே ஓடிவிடுகிறீராம். "தம்பி, உன்ர மனிசி என்னோட ஒரு சொல் கதைக்கேல்லை" என்றார். அவர் முன்னால் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று வருஷமாக ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்தெழும்புகிறேன். யாருக்காக? வர விருப்பமில்லையென்றால் வாய் திறந்து சொல்லும். மனதில் வேறு யாரும் இருந்தால் அதையும் சொல்லிப்போடும். மே மாதத்தோடு அனுமதி முடிகிறது. அதற்குள் படம் வராவிட்டால் நான் இனி எழுத மாட்டேன்.

யாக்கோப்பு

மீன்காரியின் புருஷனைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

குருநகர்
17.4.1988

அத்தான்,

வேறு யாருமோ? அந்தச் சொல்லை எழுத உங்களுக்குக் கை வந்ததா?

இந்தாருங்கள், படம். மூன்று வைத்திருக்கிறேன். இரண்டு லோயருக்கு, மற்றது உங்களுக்கு. ஸ்ரூடியோக்காரப் பெடியன், "அக்கா, இடப்பக்கத்தை நிழலில விடுறன், பிறகு ரச் பண்ணி மறைச்சும் தாறன்" என்றான். "வேண்டாம், கிடக்கிற மாதிரி எடும்" என்றேன்.

சுவர் விழுந்த அன்று ஷெல் துண்டு என் இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கன்னத்திலிருந்து தாடை மட்டும் தையல். சின்னக் காயம் என்று எழுதினது நான் சொன்ன பொய். மெல்ல மெல்லச் சொல்லலாம் என்றிருந்தேன். அப்போதுதான் நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்ட கதை வந்தது. அதற்குப் பிறகு ஸ்ரூடியோ வாசல் மட்டும் போய் இரண்டு தரம் திரும்பி வந்தேன்.

வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க ஏலாவிட்டால் பதில் போட வேண்டாம். கோபிக்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். கோபிப்பேன். சாகும் மட்டும் கோபிப்பேன்.

அருள்மலர்

மனோர் பார்க்
11.5.1988

என் அருள்மலருக்கு,

இனி நமக்குள் பொய் வேண்டாம். உறையைப் பிரித்ததும் உமது படத்தைக் குப்புற வைத்துவிட்டேன். மூன்று நாள் தொடவில்லை. நான் எழுதின கடிதத்தை நினைக்க நினைக்க என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

நாலாம் நாள் படத்தை வேலைக்குக் கொண்டுபோனேன். நாற்காலியை நேராகப் போட்டு, அந்த மீன்காரியை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். காலை முழுக்கப் பார்த்தேன். மத்தியானம் போல, தழும்பு தன்பாட்டில் கிடக்க, ஆளைத் தெரியத் தொடங்கியது. கோபக்காரி. கீறுகிறவனைப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம்? மீன் பழுதாப் போகுது" என்று கேட்கிற முகம்.

பிறகுதான் உமது படத்தை எடுத்தேன். நீரும் என்னை ஏசப்போகிற மாதிரித்தான் பார்க்கிறீர். அது எனக்குப் பழகின பார்வை. கலியாணப் படத்தில் அது இல்லை. அவ்விடத்திலேயே அழுதுவிட்டேன். மேலதிகாரி ஓடிவந்து என்ன நடந்தது என்று கேட்டார். படத்தை நீட்டி, "மை வைஃப்" என்றேன்.

இரண்டு படமும் நேற்று லோயரிடம் போய்விட்டன. மூன்றாவது தலைமாட்டில் இருக்கிறது. மீன்காரிக்குப் புருஷன் இருந்தானா என்று படத்துக்குக் கீழே உள்ள பெயர்த் தகட்டில் எழுதவில்லை. வந்து நீரே அவளைப் பார்த்துச் சொல்லும்.

சாகும் மட்டும் கோபிப்பதென்றால், பக்கத்தில் இருந்து கோபியும்.

உமது
யாக்கோப்பு