மூன்றாம் தடவை அளந்த நிழல்

மேற்பிரிவு, கொட்டகலை.
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை பகல்.

அன்பு மகன் கிஷாந்துக்கு அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் எனக்கும் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அந்த வெயில் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். போன் இருக்கும்போது அப்பா ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். மழைக்குப் பிறகு சிக்னல் கோயில் வளைவில் மட்டும்தான் கிடைக்கிறது, அங்கே லயத்து வீட்டுச் சனமே கூடி நின்று பேசுகிறது, செல்லசாமி மாமாவும் பக்கத்தில்தான் நிற்பார், அவர் காதில் விழ இதைச் சொல்ல முடியாது. பயத்தை வாயால் சொல்லவும் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன், தங்கச்சி சுதர்ஷினி இதைப் படம் பிடித்து வளைவுக்குப் போய் உனக்கு அனுப்புவாள்.

நாங்கள் இப்போது நம் வீட்டுக் காம்பராவில் இல்லை, பதறாதே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கோயிலுக்கு முன்னால் இருக்கிற பிள்ளைக்காம்பராவில் இருக்கிறோம், கொழுந்து பறிக்கப் போகும்போது சின்ன வயதில் அம்மா உன்னை விட்டுவிட்டுப் போவாளே, அதே இடம்தான். தங்கச்சிக்கு விஞ்ஞானப் பாடத்தில் நிழலைப் பற்றிப் பரிசோதனை செய்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது, வினை அதில்தான் வெளியே வந்தது. மேசையில் போன் டோர்ச்சை வைத்து அதற்கு ஐம்பது சென்ரிமீற்றர் முன்னால் பத்து சென்ரிமீற்றர் உயரக் கடதாசி மட்டையை நிறுத்தி பின் சுவரில் விழும் நிழலை அளக்கிறாள். டோர்ச்சிலிருந்து சுவர் முந்நூறு, அதாவது மட்டை இருக்கும் தூரத்தைப்போல ஆறு மடங்கு, அதனால் நிழலும் மட்டையைப்போல ஆறு மடங்கு, அறுபது இருக்க வேண்டும், அதற்குப் பெயர் உருப்பெருக்கமாம். மழைக்கு முன்னால் அளந்தபோது சொல்லி வைத்ததுபோல அறுபது. வேறு வேறு நாளில் மூன்று தடவை அளக்க வேண்டும் என்பது சிசிலி டீச்சர் கட்டளை. மழை பிடித்த பிறகு அளந்தால் அறுபத்தொன்று. மேசைக்கால் வைக்கச் சோக்கால் போட்ட அடையாளம் போட்டபடியே இருக்கிறது, மட்டையும் அதே மட்டை. உன் அம்மாவுக்குப் பசி, மூணு தரமும் அறுபதுன்னு போட்டுட்டு வந்து சாப்பிடுடி, நெழல அளக்க எந்தத் தொரை வரப்போறாரு என்று கத்தினாள். டீச்சரோ, மாறினால் மாறினதையே எழுது, ஏன் மாறியது என்று தேடு என்று சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை மூன்றாம் தடவை அளந்தாள், அறுபத்திரண்டு.

பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டு கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். நிழல் அறுபத்திரண்டுன்னா சொவரு முந்நூத்திப் பத்துல இருக்கணும் அப்பா என்றாள். சுவர் என்ன கால் முளைத்தா நடக்கும் என்று சிரித்துக்கொண்டேதான் நான் நாடாவைப் பிடித்தேன். தரையோடு அளந்தோம், முந்நூறு, சரி. பிறகு நிழல் விழுகிற உயரத்தில் நாடாவை இழுத்தோம். முந்நூற்றுப் பத்து. சிரிப்பு அதோடு நின்றது. சுவரின் அடி இருந்த இடத்தில் இருக்கிறது, மேல்பாகம் வெளியே பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னால் போய்ப் பார்த்தேன். தீபாவளிக்கு லயம் முழுக்க அடித்தோமே வெள்ளை, அது வெடிப்பை மூடியிருக்கிறது, சுரண்டினால் விரல் உள்ளே போகிறது, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்து மண்ணும் இறங்கியிருக்கிறது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் ஓடினேன். அவர் வந்து பார்த்தார், அதிகாரிமாருக்கு அறிவித்தாயிற்று, பாதையில் விழுந்த மண்ணை அள்ளியபிறகுதான் வருவார்களாம், அதுவரை அங்கே இருக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா சட்டி பானை, சாமிப்படம், ஆடு எல்லாம் கொண்டுவந்துவிட்டாள், அம்மிக்கல்லை எடுக்கப் போக வேண்டும் என்று நேற்றிலிருந்து என்னோடு சண்டை. நான் விடவில்லை, விடவும் மாட்டேன்.

மகன், பள்ளத்தை ஒட்டி நிற்பது கடைசி இரண்டு காம்பராதான், ஒன்று நம்முடையது, மற்றது செல்லசாமி மாமாவுடையது. இரண்டுக்கும் பின் சுவர் ஒன்றே. மற்றக் காம்பராக்கள் பாறைமேல் நிற்கின்றன. மாமா இடம்பெயர மாட்டேன் என்கிறார். நான் சாமான் கட்டும்போதே, என்னா மச்சான், மக காட்டுன நெழலுக்கே ஓடுறியா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி என்று லயம் கேட்கச் சிரித்தார். சிரிக்கட்டும், பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்துவிட்டேன், எனக்கு வெட்கமில்லை. ஆனால் அங்கே மாமாவின் மருமகள், உன்னோடு இருக்கிற துஷாந்தின் பெண்சாதி சர்மிளா பச்சை உடம்போடு இருக்கிறாள், பிள்ளை பிறந்து இன்னும் முப்பது நாள் தீட்டுக் கழியவில்லை. தீட்டுக் கழியாம தாயும் புள்ளையும் வாசப்படி தாண்டக் கூடாது, அதுவும் கோயிலுக்கு முன்னுக்கா என்று மாமா ஒரே பிடியாக நிற்கிறார். தீட்டை நானும் மதிக்கிறவன்தான், உனக்கும் தங்கச்சிக்கும் முறைப்படி முப்பது கழித்தவன்தான். பூசாரியையே கூட்டிக்கொண்டு போனேன், ஆபத்துக்குப் பாவமில்ல செல்லசாமி என்று அவரும் சொன்னார், மாமா கேட்கவில்லை. சுதர்ஷினி டோர்ச்சைக் கொண்டுபோய் அவர் வீட்டுச் சுவரிலேயே அளந்து காட்டினாள், புள்ளைக்குக் கை நடுங்குது, அதான் நெழலு கூடுது என்று அனுப்பிவிட்டார். சர்மிளா மாமனார் முன்னால் வாய் திறப்பதில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் என்னிடம், நெசமாவா மாமா என்று மட்டும் கேட்டாள். ஆமாம்மா என்றேன். அழுதுவிட்டாள்.

இன்றைக்கு மறுபடி மழை இருட்டிக்கொண்டு வருகிறது. தகரத்தில் ஒரு சொட்டு விழுந்தாலே எழுந்துபோய் அந்தக் கடைசிக் காம்பராக்கள் பக்கம் பார்க்கிறேன். தங்கச்சிக்கு வேறு பயம், கணக்கு பிழையாக இருந்தால் எல்லாரும் ஏசுவாங்களே என்று அறிக்கையின் முடிவை எழுதாமல் வைத்திருக்கிறாள். பிழையாகவே இருக்கட்டும் என்றுதான் நான் கும்பிடுகிறேன், பிழையாக இருந்தால் மாமா வாழ்நாள் முழுக்க என்னைக் கேலி செய்யட்டும், கேட்டுக்கொண்டு இருக்கிறேன். நீ உயர்தரத்தில் கணிதம் படித்தவன், மேலே இருக்கிற கணக்கைப் பார்த்தால் விளங்கும். துஷாந்துக்கும் விளங்கவை. அவன் சொல்லுக்குத்தான் மாமா கட்டுப்படுவார், மகன் சொன்னால் தட்டமாட்டார். அப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம் என்று சொல், பெண்சாதியையும் பிள்ளையையும் இன்றைக்கே வெளியே அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லட்டும், தீட்டால் வருகிற பாவம் எதுவானாலும் அழகன் தலையில் விடியட்டும் என்று நானே சொன்னதாகச் சொல்.

நீ வேலையில் கவனமாக இரு, தலைக்கவசத்தைக் கழற்றாதே, தண்ணீர் நிறையக் குடி, எங்களை நினைத்து லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. தெய்வம் உன்னைக் கண் இமைபோலக் காக்கும், நீ தீர்க்காயுசாக இருப்பாய். இதைப் படித்ததும் எங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே, இரவு வேலை முடிந்து உன் பக்கத்துக் கட்டிலில்தானே துஷாந்த் தூங்குவான், முதலில் அவனை எழுப்பு. அடுப்புச் சூடு படட்டும் என்று அவன் பிள்ளையின் தொட்டிலை அந்தப் பின் சுவரோரம்தான் கட்டியிருக்கிறார்கள்.

உன் அப்பா,
அழகன்