காயில் பெய்த மழை

எஸ்கிஷெஹிர்
3 மே 2009

அன்புத் தங்கை ஷெரிஃபேவுக்கு,

உன் கண்களை முத்தமிட்டு எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடுவாயோ என்று பயம். அதனால் உள்ளே இருப்பதை முதலிலேயே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகப் பழக்கம், பொறுத்துக்கொள்.

1. 1986இல் துர்முஷ் மாப்பிள்ளையின் கசகசாக் காய்களில் மார்ஃபின் குறைந்தது மழையால். அவர் களவாகக் காயைக் கீறி அபின் பால் எடுத்ததால் அல்ல.
2. சோதனைக்கு வந்த அந்த மாதிரிப் பை யாருடையது என்று அன்றே எனக்குத் தெரியும்.
3. ஆனால் அறுவடை தாமதமானது உங்கள் வீட்டுக் கவனக்குறைவு.
4. உங்களைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பார்வையாளர் நேரத்தில் கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடப்பேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பாவம், தங்கள் வீட்டு ஆட்களை என்னிடமும் பேச அனுப்பிவிடுவார்கள். வலிக்கு மார்ஃபின் ஊசி போட்டார்கள். மார்ஃபின் ஆலையின் ஆய்வகத்தில் முப்பது வருஷம் அளந்த பொருளை முதல்முறையாக உடம்புக்குள் வாங்கிக்கொண்டேன். வலி போகவில்லை, பக்கத்து அறைக்கு எழுந்து போனதுபோல் இருந்தது. இது எந்த நிலத்துக் காயோ என்று நினைத்தபடி படுத்திருந்தேன்.

ஒரு பிற்பகல் தேயிலைப் பையை வெந்நீரில் போட்டுவிட்டு மறந்துபோனேன். திரும்பிப் பார்த்தபோது சாரமெல்லாம் நீரில் இறங்கியிருந்தது. அப்போதுதான் தலையில் அடித்தாற்போல் இருந்தது. காயின் சுவரில் மார்ஃபின் ஓர் அமிலத்தோடு சேர்ந்து உப்பாக இருக்கிறது. அந்த உப்பு நீரில் கரையும். நாங்களே ஆலையில் காய்ந்த காய்களை நொறுக்கித் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அதை எடுத்தோம். வானமும் அதையே செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வானிலை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் பக்கம் 1986 ஜூலை 11 முதல் 14 வரை விடாமல் மழை. ஊரார் எல்லாரும் 10ஆம் தேதிக்குள் காயை ஒடித்துவிட்டார்கள். உங்கள் காய் மட்டும் செடியிலேயே நின்றிருக்கிறது. மற்றவர்களுக்கு நூறு கிராமில் அரை கிராம் வந்தது; உங்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மாதிரிப் பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் 41ஆம் பையின் வாயைச் சிவப்புக் கம்பளி நூலால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அப்படிக் கட்டுவது நீ ஒருத்திதான். சொந்தக்காரனைக் காப்பாற்றினான் என்று சொல்லிவிடுவார்களோ என்று நடுங்கினேன். காய் நொறுங்கி வந்ததால் கீறல் தழும்பைப் பார்க்க வழியில்லை. முழுக் காய் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல், ‘பால் எடுக்கப்பட்டிருக்கக்கூடும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறு வருஷம் உங்கள் பயிர் உரிமம் போயிற்று.

உன் அண்ணன்
நுஸ்ரெத்


19 மே 2009

நுஸ்ரெத் அண்ணாவுக்கு,

உன் கையை முத்தமிடறேன்னு தொடங்கணும். இந்தத் தடவை எழுதல.

கடிதாசிய அடுப்புல போடல. மூணு நாள் மாவுப் பானைக்குப் பின்னால வச்சிருந்தேன். அப்புறம் அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். முதல் நம்பர் படிச்சதும் கைத்தடிய எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டார். சாயங்காலம் வந்து, “மீதியையும் படி”ன்னார். மூணாம் நம்பருக்குச் சிரிச்சார். அவர் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு உனக்குத் தெரியாது.

முடிச்சத் தெரிஞ்சே எழுதினியா நீ? நான் இத்தனை வருஷமா, பை நம்பரப் பார்த்து எழுதியிருப்பான், பாவம், அவனுக்கென்ன தெரியும்னு ஊர்க்காரங்க வாய அடைச்சுக்கிட்டு இருந்தேன். என் வாயையே நீ அடைச்சுட்ட.

இந்த ஊர்ல துர்முஷ் எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? நொண்டி துர்முஷ், மில்லுக்கார துர்முஷ், அப்புறம் கீறல் துர்முஷ். தேநீர்க்கடையில சின்னப் பயலுங்ககூட அப்படித்தான் சொல்றாங்க. வேணும்னு சொல்றதில்ல, அதுதான் பேருன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. பெரியவளுக்குச் சம்பந்தம் பேச வந்தவங்க, “கீறல் வீடு எது?”ன்னு வழி கேட்டு வந்தாங்க. இவர் அன்னைக்கு வாசலுக்கே வரல.

ஏப்ரல்ல ஊரே முட்டி போட்டு, நெருக்கமா முளைச்ச கசகசாச் செடியப் பிடுங்கிக் கலைக்கும். கலைச்ச இளங்கீரைய ரொட்டியில சுருட்டித் தின்னும். நாங்க பார்லி விதைச்சோம். இருபத்திரண்டு வருஷமா ரொட்டிக்குள்ள தடவுற கசகசா விழுதப் பக்கத்து வீட்டுல வாங்கித் தின்னுறோம். அந்த வீட்டுக்காரி ஒவ்வொரு தடவையும், “உங்களுக்கும் இருந்துச்சே ஒரு காலத்துல”ம்பா.

கவனக்குறைவாம். அவருக்கு.

ஷெரிஃபே


எஸ்கிஷெஹிர்
27 மே 2009

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சும்மா இருந்துவிட முடியவில்லை.

ஒரு வழி யோசித்தேன். நடந்தவற்றையெல்லாம் எழுதி, வானிலை அலுவலகத் தாளையும் இணைத்து, சான்றொப்பம் வாங்கி ஊர்த் தலைவருக்கு அனுப்புகிறேன். அவர் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நேரில் வருவது பற்றி நான்காவதாக எழுதியிருந்தேன். இப்போது யோசித்தால் இடுப்பு ஒத்துழைக்குமா என்று தெரியவில்லை. மாடிப்படியே பத்து நிமிடம் பிடிக்கிறது. பேருந்து நான்கு மணி நேரம்.

இடுப்பைச் சாக்குச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம்தான்.

மூன்றாவது குறிப்புக்கு அவர் சிரித்தார் என்று எழுதியிருந்தாய். ஏன் என்று விளங்கவில்லை. காய் காய்ந்து, குலுக்கினால் விதை சலசலக்கும்போது ஒடித்துவிட வேண்டும். அதை எனக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அப்படிப்பட்டவர் எதற்காக நிற்க விட்டார்?

இங்கே குழாய்த் தண்ணீர்கூட மாலையில்தான் வருகிறது. வேறு விசேஷமில்லை.

நுஸ்ரெத்


8 ஜூன் 2009

அண்ணா,

உன் கடிதாசி வந்தப்போ அவர் செருப்புக்கு ஆணி அடிச்சுக்கிட்டிருந்தார். பலகை சமாச்சாரத்தப் படிச்சேன். சுத்தியல வச்சுட்டுச் சொன்னார்: “பலகையிலயா? எருமை காணோம்னு ஒட்டுற பலகையிலயா என் பேரு? வேணாம். உன் அண்ணன வரச் சொல்லு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு எல்லாரும் தேநீர்க்கடையில இருப்பாங்க. அங்க நின்னு அவனே வாயால சொல்லட்டும். நம்பர் போட்டுச் சொல்லக் கூடாது. நம்பர் போட்டுத்தான் என்னை அறுத்தான்.”

“அவனுக்குக் கூட்டத்தப் பார்த்தா நாக்கு ஒட்டிக்கும்”னேன்.

“ஒட்டட்டும். நான் தண்ணி வாங்கித் தரேன்”னார்.

அவருக்கு எழுபத்தொம்போது. கீறல் துர்முஷ் செத்துப்போனான்னு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில கேக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூணாம் நம்பர் பத்திக் கேட்டிருக்க. அவர் சொல்ல வேணாம்னுட்டார். “அவனா தேடிக்கட்டும், படிச்சவன்தானே”ன்னார். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த வருஷம் ஜூலை 5லேருந்து 15 வரைக்கும் நீ எங்க இருந்த? அண்ணியோட ஆஸ்பத்திரித் தாளையெல்லாம் எடுத்துப் பாரு. நீ எதையும் கிழிச்சுப் போடற ஆளில்ல.

கையை முத்தமிடறது நீ வந்து இறங்கினப்புறம்.

ஷெரிஃபே


எஸ்கிஷெஹிர்
15 ஜூன் 2009

அன்புத் தங்கை ஷெரிஃபேவுக்கும், துர்முஷ் மாப்பிள்ளைக்கும்,

உன் அண்ணி மெதிஹாவின் தாள்கள் தகரப் பெட்டியில் இருந்தன. அங்காரா ஆஸ்பத்திரியில் சேர்த்தது 1986 ஜூலை 4. அறுவைச் சிகிச்சை 7ஆம் தேதி. அந்தத் தாளோடு ஒரு சிறு சீட்டு ஊசியால் குத்தியிருந்தது. இரத்தம் கொடுத்தவர் பெயர்: துர்முஷ். இரண்டு முறை கொடுத்திருக்கிறார், 6ஆம் தேதியும் 12ஆம் தேதியும்.

சீட்டை வானிலை அலுவலகத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தேன்.

அந்த இரத்தத்தை நான் மறந்ததில்லை. அந்த மாதிரிப் பையையும் மறந்ததில்லை. இரண்டும் ஒரே மாதத்தவை என்பதை மட்டும் இத்தனை வருஷமும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரத்தம் வீட்டில் நடந்தது, பை ஆலையில் நடந்தது. தனித்தனி இழுப்பறையில் போட்டுவைத்திருந்தேன். உங்கள் ஊரில் பெய்த மழை எனக்குத் தெரியாமல் போனதற்கும் காரணம் இதுதான். நாம் மூவரும் அங்காராவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது அந்த நடைபாதை அப்படியே தெரிகிறது. ஷெரிஃபே, நீ மெதிஹாவுக்குச் சூப்பு கொண்டுவர ஓடிக்கொண்டிருந்தாய். 9ஆம் தேதி காலையில் மாப்பிள்ளை காதருகே கையை வைத்துக் காயைக் குலுக்குவதுபோல் ஆட்டிக் காட்டினார். “மச்சான், இங்கேருந்தே விதை சலசலக்கறது கேக்குது. இன்னைக்கு பஸ் ஏறினாத்தான் ஆகும்” என்றார்.

அவர் பையைத் தோளில் மாட்டியாயிற்று. நான் அந்தப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டேன். “இன்னும் நாலஞ்சு நாள் இருங்க மாப்பிள்ளை. டாக்டர் மறுபடியும் உங்க ரத்தமே வேணும்கிறார், வேற யாரோடதும் சேரல. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு” என்றேன். அவர் உன்னைப் பார்த்தார். நீ தலையாட்டினாய். அவர் பையைக் கீழே வைத்துவிட்டார்.

மெதிஹா அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாள். அவளை அடக்கம் செய்த அன்று நீங்கள் இருவரும் கடைசி வரிசையில் நின்றுவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் போனீர்கள். கோபம் என்று நினைத்தேன். அந்த நடைபாதையைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் நீங்கள் சொல்லவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. சொல்லியிருந்தால், தன்னால் தாமதமான பயிரைத் தானே குற்றம் சொன்னான் என்று ஆலைவரை பேச்சு போயிருக்கும்; என் அறிக்கை ஒரு நாள்கூட நின்றிருக்காது. என் வேலையும் நின்றிருக்காது.

வெள்ளிக்கிழமை, 19ஆம் தேதி, பத்து மணிப் பேருந்தில் வந்து இறங்குவேன். நிறுத்தத்தில் யாரும் நிற்க வேண்டாம். தேநீர்க்கடை எங்கே என்று எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதை எண் போடாமல் எழுத ஆறு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் கை தானாக ஒன்று என்று எழுதிவிடுகிறது. அதனால் தாள் எதுவும் கொண்டுவரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டால் மாப்பிள்ளை தண்ணீர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

முதல் கடிதத்தில் மூன்றாவதாக எழுதியது தவறு. அறுவடையைத் தாமதமாக்கியவன் நான்.

நுஸ்ரெத்