பன்னிரண்டு அங்கிக்கும் இடப்பக்கம் மட்டுமே

அன்பு மகனுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நானும் அத்தையும் நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, மற்றபடி குறையில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. உன் கடிதம் கிடைத்தது, முதல் வரியில் வழக்கம்போல அதே மன்னிப்பு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உன் கத்தரி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன், இப்படி ஒரு துணிச்சலை நான் பார்த்ததில்லை.

ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போதெல்லாம் அத்தை பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள், கவனித்திருக்கிறாயா? அறிக்கை முடியும், கண்ணாடியும் கிடைக்கும். மறதி என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒருநாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அண்ணே, அந்த அங்கியெல்லாம் தப்பா வெட்டினது நான்தான் என்றாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாடகர் குழுவுக்கு அத்தை வேலை பார்த்த தையல்கடையில் பன்னிரண்டு அங்கி தைக்கக் கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். துணியை இரண்டாக மடித்து வெட்டினால் முன்பக்கத்துக்கு இடதும் வலதும் ஜோடியாக வரும். அத்தை அன்றைக்கு அவசரத்தில் மடிக்காமல், எல்லாவற்றையும் ஒரே முகமாக அடுக்கி வெட்டிவிட்டாள். இருபத்துநான்கு துண்டும் இடப்பக்கம், வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. பாடகர் குழுத் தலைவர், இனிமே பாதி உடம்போட நின்னுதான் பாடணும் என்று சிரித்தார், ஆனால் கடை முதலாளி சிரிக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டபோது அத்தை, சுண்ணக்கட்டியில குறி போட்டது அவதான் என்று எதிர் மெஷின்காரியைக் காட்டினாள், நாம் பொத்தான் அக்கா என்று கூப்பிடுவோமே, அவளை. குறி போட்டது அவள்தான், அதில் பொய்யில்லை. குறி சரியாகத்தான் இருந்தது என்பதை மட்டும் அத்தை சொல்லவில்லை. பொத்தான் அக்கா அன்றோடு வேலையை இழந்து சலவைக்கடையில் இஸ்திரி போடப் போனாள்.

ஆயரிடம் தனியாகச் சொல்லி ஜெபித்துக்கொள்ளேன் என்று நான்தான் எளிய வழி காட்டினேன். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை, நாலு பேர் முன்னால பழி போட்டேன், மூலையில போய் அழுதா கணக்கு சரியாகுமா என்றாள். முதலில் பழைய முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அங்கிருந்து நேரே சலவைக்கடைக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். ஆறு பேர் வேலை செய்கிற இடம், ஒரே ஆவியும் சத்தமும். நடுவில் நின்று, அக்கா, தப்பா வெட்டினது நான், தெரிஞ்சேதான் உன்னைக் காட்டினேன் என்றாள். அவசரம், பயம், வீட்டுக் கஷ்டம் என்று ஒரு சாக்கும் சொல்லவில்லை. என் மாணவர்களில் ஒருவன்கூட இப்படிச் சுத்தமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை, எல்லோருக்கும் பின்னால் ஒரு 'ஆனால்' இருக்கும். பொத்தான் அக்கா பெட்டியைச் சட்டைமேல் வைத்தபடியே அத்தையைப் பார்த்தாள். பிறகு, பதினோரு வருஷம் கழிச்சு வந்தவ பெட்டி சூடா இருக்கிற நேரம் பார்த்தா வருவே, நகருடி, சட்டை கருகுது என்றாள். சட்டையை எடுத்து உதறிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிச்சிட்டேன், போ என்றாள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அத்தைக்கு முடியவில்லை. தினமும் சாயங்காலம் சலவைக்கடைக்குப் போய்த் துணி மடித்துக் கொடுப்பது, போகும்போது ஒரு மன்னிப்பு, வரும்போது ஒரு மன்னிப்பு. ஐந்தாம் நாள் பொத்தான் அக்கா கையிலிருந்த துணியை வெடுக்கென்று பிடுங்கி, நான் மன்னிச்சிட்டேன்னு சொன்னதை நீ நம்பலைன்னா என்னைப் பொய்க்காரிங்கிறே, ரெண்டாவது தடவையும் என் மேலயே பழி போடறியா என்று கேட்டாளாம். அத்தை அப்படியே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் பொத்தான் அக்காவே ஒரு பெரிய பொட்டலத்தோடு நம் வாசலில் நின்றாள். மகளுக்குக் கல்யாணம், கவுனுக்கு வெள்ளைத் துணி, நீயே வெட்டு, மடிச்சு வெட்டு என்றாள். அத்தை துணியை மடித்தாள், பிரித்துப் பார்த்து மறுபடியும் மடித்தாள். பொத்தான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துணியின் நுனியைப் பிடித்துக்கொள்ள, நம் சாப்பாட்டு மேசைமேல் கத்தரி ஓடியது. குற்றத்தைச் சொன்ன நாளைவிட அந்தத் துணியை வாங்கிக்கொண்ட நாள்தான் அத்தைக்குக் கஷ்டமான நாள் என்று எனக்குத் தோன்றுகிறது. போன ஞாயிறு அறிக்கை நேரத்தில் பை திறக்கவில்லை. அத்தையின் குரல் என் காதில் தெளிவாக விழுந்தது.

இப்போது உன் முதல் வரிக்கு வருகிறேன். அம்மா படுக்கையில் இருந்தபோது விடுமுறை கிடைக்கவில்லை என்றாய். அவள் போய் ஒரு வருஷம் கழித்து, விடுமுறை கிடைத்தது, அம்மாவை அந்த நிலையில் பார்க்கப் பயந்துதான் வரவில்லை என்று எழுதினாய். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். கடிதத்தை அகராதிக்குள் செருகிவிட்டு ஒரு மாதம் தொடவில்லை. பிறகு முழங்காலில் நின்று, பாதி கோபத்தோடும் பாதி அழுகையோடும் உன்னை ஆண்டவர் கையில் விட்டேன். மன்னித்தேன் என்று எழுதியது அப்புறம்தான், அது சும்மா எழுதிய வார்த்தை இல்லை. யாரும் கேட்காமல் நீயாக உண்மையைச் சொன்னதை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் இரண்டு வருஷமாகக் கடிதத்துக்குக் கடிதம் அதையே எழுதுகிறாய், வீட்டுப் பக்கம் வரவும் மாட்டேன் என்கிறாய். அழித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப ரப்பர் தேய்க்கிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வேன்? எழுத்து போயிடுச்சுடா, இனி தாள்தான் கிழியும். ஆண்டவரையும் என்னையும் பொய்க்காரர் ஆக்காதே கண்ணு.

வேளைக்குச் சாப்பிடு, வண்டியை மெதுவாக ஓட்டு. அடுத்த கடிதத்தின் முதல் வரியில் நீ வரும் தேதி இருக்கட்டும். அத்தை உனக்குச் சட்டைத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். அளவை எழுதி அனுப்பச் சொல்லட்டுமா என்றேன், வேண்டாம், ஆள் வந்து நிக்கட்டும் என்றுவிட்டாள். ஆண்டவரின் சமாதானம் உன்னைக் காக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா