படத்திலிருந்த சீனப் பெயர்

என்னங்க,

சீனாவில் டாக்சி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் போனில் வீசாட் வழியாகத்தான் பணம் கட்டுவது என்று காட்ட, நீங்கள் பணம் கட்டிய பட்டியலைப் படமெடுத்து அனுப்பினீர்களே, அதில் ஒரே சீனப் பெயர் ஐந்து முறை இருந்தது. எவளோ ஒருத்தி என்றே நினைத்தேன். ஒரு வாரம் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று இங்கே சுவா டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் சீனக்கார சியூ ஃபோங் அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன்.

"பொம்பள பேரு இல்லலா. கேன்சர் ஆஸ்பத்திரி," என்றார்.

ஃபேக்டரியில் வேலை அதிகம், அதனால்தான் இளைத்துவிட்டேன் என்றீர்கள். இன்னும் எதையெல்லாம் மறைக்கிறீர்கள்? வீசாட்டில் கேட்டால் சிரிப்புப் பொம்மை அனுப்பி மழுப்புவீர்கள். அதனால்தான், லீவு முடிந்து அங்கே திரும்பும் உங்கள் கூட்டாளியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பாஸ்போர்ட் கையில் கிடைத்ததும் நானும் வருவேன். அது எவளோ ஒருத்தியின் பெயராகவே இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் மனைவி