தேவகி தட்டின பதில்கள்

14-11-2008, வெள்ளி

சேதராப்பட்டு அட்டைப்பெட்டி கம்பெனியில புதுசா சேந்தவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பயிற்சி குடுக்கறது என் வேலை. இந்த மாசம் ரெண்டு வகைப் பாடத்தை ஓட்டிப் பாத்தோம். ஒண்ணுல எல்லாரும் அஞ்சஞ்சு நிமிஷத் துண்டுகளா எல்லாத்தையும் பாக்கணும். இன்னொண்ணு கேள்வி கேக்கும். பதில் சரின்னா, தெரிஞ்ச பாடம்னு காட்டாமலே தாண்டிடும். ரெண்டாவதுதான் நல்லதுன்னு காலையில மேனேஜருக்கு எழுதிக் குடுத்துட்டேன். புதுசா சேந்த வள்ளி அதை ஒரே நாள்ல முடிச்சுட்டா, நூத்துக்கு நூறு.

சாப்பாட்டு நேரத்துல அவகிட்ட சும்மாதான் கேட்டேன், "மெஷின்ல அட்டை சிக்கினா மொதல்ல என்ன செய்வ?"

"கைய விட்டு எடுத்துடுவேன் சார்."

கரண்ட்டை நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியல. பக்கத்துல தேவகி, பத்து வருஷமா அதே மெஷின்ல நிக்கிறவ, சாவகாசமா சொன்னா: "அவளுக்கு மவுஸ் புடிக்க வரல சார். பதிலெல்லாம் நான்தான் தட்டினேன். ஒண்ணுகூடத் தப்பாகல."

தேவகிக்குத் தெரிஞ்சதையெல்லாம் வள்ளிக்குத் தெரியும்னு கம்ப்யூட்டர் தாண்டிடுச்சு. துண்டுப் பாடமா இருந்தா, யார் தட்டினாலும் கரண்ட்டை நிறுத்தற பாடம் வள்ளி கண்ணுல பட்டிருக்கும். அவங்க மேல கோவம் இல்ல. நல்லதுன்னு எழுதினது நான்.

வள்ளிய மெஷின்ல விட வேண்டாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். வீட்டுல சட்டையக் கழட்டும்போதுதான் தோணுச்சு. கேள்விப் பாடத்தை முடிச்சவங்க லிஸ்ட்ல இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. அவங்களுக்கு யார் தட்டினாங்கன்னு நான் கேக்கவே இல்ல. அதுல நாலு பேர் இப்ப நைட் ஷிப்ட்ல மெஷின்கிட்ட நிக்கிறாங்க. கூப்பிட்டுப் பாத்தேன், கம்பெனியில போனை யாரும் எடுக்கல. வண்டிய எடுத்துட்டுப் போறேன்.