பன்னிரண்டாம் தகவலாளியின் பெயர்

என் அன்புச் சண்டைக்காரி ரஹ்மத்துக்கு,

முதல் கோபம் உன்மேல்தான். அதைச் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் போகிறேன். மூன்று பருவம் முழுசாகப் படித்துவிட்டு, கடைசிப் பருவம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது டெங்குக் காய்ச்சலில் போய்ச் சேர்வாளா ஒருத்தி? கம்ப்யூட்டர் மேஜர் படிக்க வந்த என்னை, மைனர் என்கிற துணைப்பாடத்துக்காக மொழியியல் வகுப்புக்குள் இழுத்துப் போனவளே நீதான். "மேஜரு வேலைக்கு, மைனரு நமக்கு. பேசாம வா ஏட்டி" என்றாய். இப்போது என்னைத் தனியாக உட்கார வைத்துவிட்டாயே, இது உனக்கே நன்றாக இருக்கிறதா?

நம் ப்ராஜெக்ட் புத்தகமாக வரப்போகிறது. நாம் இரண்டு பேரும் தென்காசி, குற்றாலம் என்று அலைந்து பதிவு செய்த வட்டாரப் பேச்செல்லாம் ஒரே தொகுப்பாக. போன வாரம் அச்சுப் பிரதியைப் பார்க்கக் கொடுத்தார்கள். முகப்பில் துறைத்தலைவர் பெயர். அதற்குக் கீழே, தொகுத்தவர் என்று என் பெயர் மட்டும். உன்னை ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். கடைசியில் பின்னிணைப்பில் கிடைத்தாய். "தகவலாளி 12: பெண், 19 வயது, தென்காசி."

நாம் பேசவைத்துப் பதிவு செய்தவர்களுக்குத் துறை வைத்திருக்கும் பெயர்தானே தகவலாளி? பட்டியலில் இளம்பெண் ஒருத்தி குறைந்தபோது, "என்னையே போட்டுக்கோட்டி, நானும் தென்காசிக்காரிதான?" என்று குத்துக்கல்வலசையில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினாய். நான் சிரித்துக்கொண்டே பதிவு செய்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மற்ற முப்பது பேரைப் பேசவைத்தது யார்? துறை கொடுத்த கேள்வித்தாளோடு ஐந்தருவிக்கு நாம் முதல்நாள் போனது ஞாபகம் இருக்கிறதா? போனை நீட்டியதும் பழக்கடை அண்ணாச்சி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "எங்கள் பகுதியில் மங்குஸ்தான் பழம் சிறப்பாக விளைகிறது" என்று செய்தி வாசித்தார். நீ கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாய். ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தாய்.

"அண்ணாச்சி, இது நேத்தைய பழம்லா?"

"யாரப் பாத்து நேத்தைய பழம்னு சொல்லுத? வெடியக்காலம் மரத்துலேருந்து எறங்குன சரக்கு. வாங்குததுன்னா வாங்கு, இல்லன்னா அருவியில போயித் தலைய நனைச்சிட்டுப் போ பிள்ள."

அதற்குப் பிறகு கால்மணி நேரம் அவர் நிறுத்தவே இல்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாரலில் நனைந்துகொண்டே திரும்பும்போது சொன்னாய்: "கோவத்துல யாரும் செந்தமிழ் பேச மாட்டாவ." எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம் அது. முப்பது பேரிடமும் நீ வலியப் போய்ச் சண்டை வாங்கினாய், முப்பது பேரும் அவரவர் தமிழில் பேசினார்கள்.

பிறகு துறையில் சொன்னார்கள், கேள்வி கேட்கிற குரல் வேண்டாம், தகவலாளியின் குரல் மட்டும் போதும் என்று. வெட்டியது நான்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முப்பது பதிவுகளிலிருந்தும் உன் குரலை எடுத்துப் போட்டேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாய். "இனி அண்ணாச்சி யார ஏசுதாருன்னே தெரியாதேட்டி" என்று சிரித்தாய். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

துறைத்தலைவரிடம் போனேன். தகவலாளியின் பெயரை வெளியிடக் கூடாது, அது ஆய்வு அறம் என்றார். அவள் தொகுத்தவள் சார் என்றேன்.

"நாலு பருவமும் முடிச்சாத்தான்மா மாணவர் பட்டியல்ல பேர் வரும். எழுதாத பரீட்சைக்கு நான் என்ன பண்ண முடியும்? மைனர் பேப்பர்தானே, இதுக்குப் போய்..."

அந்த அறையில் இரண்டு வருஷமாக இலக்கணம் பிசகாமல் பேசியவள் நான். அன்றைக்கு எல்லாம் பறந்துவிட்டது.

"என்ன சார் பேசுதீய? அந்த முப்பது பேரையும் வாயத் தொறக்க வச்சது அவ. நான் போனத் தூக்கிக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். அவ குரலு வேணும், பேரு மட்டும் வேண்டாமோ? செத்துப்போனா செஞ்சதெல்லாம் இல்லன்னு ஆயிருமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார். "கோபம் வந்தா உங்களுக்கு வட்டாரத் தமிழ் நல்லா வருது. இதையும் பதிவு பண்ணியிருக்கலாம்."

ரஹ்மத், மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நான் எடுக்கவில்லை. அன்றைக்கு நான் காட்டிய பொறுமை அது ஒன்றுதான்.

வெட்டாத பதிவுகள் என் பழைய போனில் அப்படியே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய் உம்மாவுக்கு ஐந்தருவிப் பதிவைப் போட்டுக் காட்டினேன். "எங்கன போனாலும் சண்டைதானா இவளுக்கு?" என்று சிரிக்கத் தொடங்கியவர் அழுதுவிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "வாப்பா சவூதியிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காவம்மா, பிள்ள பேரு போட்ட புஸ்தகம் வந்துட்டான்னு."

உனக்கு ஒரு பிடி மண் போடக்கூட வர முடியாத மனுஷர். அவரிடம் பன்னிரண்டாம் நம்பரைக் காட்டி, இதுதான் உங்கள் மகள் என்று நான் சொல்லவா?

அச்சுப் பிரதியில் உன் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். மறுபடியும் அடித்து, கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வன்று, உன் பெயர் இல்லாத பிரதியில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால் எனக்கும் மைனர் கிடையாதாம். அப்பா "நமக்கு எதுக்கும்மா வம்பு?" என்கிறார். எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம் என்று சொன்னால் பொய். வேண்டும். நாலு பருவமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்தது.

ஆனாலும் வியாழக்கிழமை வெட்டாத பதிவோடுதான் போகிறேன். அண்ணாச்சி யாரை ஏசுகிறார் என்று தேர்வாளர்கள் காதாரக் கேட்கட்டும். பிறகு மூன்றாவது தடவையாக உன் பெயரை எழுதித் தருவேன். அதையும் அடித்தால், என் பெயரை நானே அடித்துவிட்டு வருவேன். இது உன்மேல் சத்தியம்.

இரண்டு தடவையும் என் பெயருக்கு முன்னால், உன் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். அகரவரிசைப்படி நான்தான் முன்னால் வர வேண்டும். வயதிலும் நான்தான் மூத்தவள். உங்கள் வீட்டில் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி என்னை ஒரு தடவை லாத்தா என்று கூப்பிடச் சொன்னால், "நாலு மாசத்துக்கெல்லாம் லாத்தா கெடையாதுட்டி" என்பாய். நீ போய் ஆறு மாசம். நாலு மாச வித்தியாசம் இப்போது பத்து மாசம் ஆகிவிட்டது ரஹ்மத். இனி அது கூடிக்கொண்டேதான் போகும். இனிமேலாவது ஒத்துக்கொள்வாயா?

பத்து மாசம் மூத்த உன் லாத்தா,
முப்பிடாதி